அந்தப் புள்ளி இரண்டு

என் பாட்டியின் எடையைக் குறித்து வைப்பது என் பொறுப்பு. போன ஆண்டுக் கடைசியில், பல்கலைக்கழக விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். இதயம் பலவீனமாகி, காலில் நீர் கோத்து, ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்திருந்த பாட்டி அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். அனுப்பும்போது தாதி ஒரு சின்னப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"தினமும் காலையில் பசியாறுவதற்கு முன் எடை பார்த்து இதில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே எங்களை அழையுங்கள்" என்றார்.

காரணமும் சொன்னார். இதயம் இரத்தத்தைச் சரியாக இறைக்காவிட்டால் உடம்பில் நீர் தேங்கும். கொழுப்பு மூன்றே நாளில் இரண்டு கிலோ ஏறாது, நீர் ஏறும். ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. கால் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்குவதற்கு முன்பே தராசு காட்டிக் கொடுத்துவிடும்.

எங்கள் வீட்டுத் தராசு பழையது. முள் சுற்றும் வகை. அதன் வட்டத்தில் வெளிப்பக்கம் பெரிய கறுப்பு எண்கள், அவை ராத்தல். உள்பக்கம் சின்னச் சிவப்பு எண்கள், அவை கிலோ. சிவப்பு மங்கிப்போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதனால் நான் கறுப்பைப் பார்த்து, கைப்பேசியில் 2.2ஆல் வகுத்து, வந்த விடையை அருகிலுள்ள முழு எண்ணாக்கி எழுதினேன். புத்தகத்தின் கட்டங்கள் சின்னவை. 49.09 என்று எழுதுவதைவிட 49 என்று எழுதினால் அழகாக இருந்தது.

திங்கட்கிழமை 108 ராத்தல், புத்தகத்தில் 49. செவ்வாய் 110, புத்தகத்தில் 50. புதன் 111, மறுபடியும் 50. வியாழன் 113, புத்தகத்தில் 51.

ஒவ்வொரு நாளும் தராசிலிருந்து இறங்கும்போது பாட்டி, "எத்தனைம்மா?" என்று கேட்பார். நான் ராத்தலில் சொல்வேன். அவருக்கு அதுதான் பழக்கம். வியாழக்கிழமை நான் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அஞ்சு ராத்தல் ஏறிடுச்சும்மா. ரெண்டே கால் கிலோ. செருப்பு வேற இறுக்கமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு போன் போடு."

நான் புத்தகத்தைக் காட்டினேன். "திங்கள் 49, இன்றைக்கு 51. இரண்டு கிலோதான் பாட்டி. இரண்டுக்கு மேல் போனால்தான் அழைக்கச் சொன்னார்கள்."

பாட்டி மறுத்துப் பேசவில்லை. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேத்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை இரவு அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். அதிகாலை இரண்டு மணிக்கு அப்பா காரை எடுத்தார். நுரையீரலில் நீர். மறுபடியும் ஐந்து நாள் வார்டு.

அவசரப் பிரிவில் மருத்துவர் என் புத்தகத்தைப் புரட்டினார். "எல்லாம் முழு எண்ணாக இருக்கிறதே?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. 108இலிருந்து 113 என்றால் ஏற்றம் ஐந்து ராத்தல். ஐந்து ராத்தல் என்பது 2.27 கிலோ. பாட்டி மனக்கணக்கில் சொன்னது சரி. நான் கைப்பேசியில் போட்டுப் புத்தகத்தில் எழுதியதுதான் தவறு.

தோட்டத்தில் தராசு மாறியபோது

வார்டில் பாட்டி கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன். "எப்படிப் பாட்டி அவ்வளவு சீக்கிரமாக ரெண்டே கால் என்று சொன்னீர்கள்?"

"பாதியாக்கு. அதுல பத்துல ஒன்னு கழிச்சுடு. அஞ்சுல பாதி ரெண்டரை. ரெண்டரையில பத்துல ஒன்னு கால். மிச்சம் ரெண்டே கால்."

பாட்டி படித்தது தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு வரைதான். பதினைந்து வயதில் பால்வெட்டுக்குப் போனவர். இந்தக் கணக்கை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டபோது, "யாரும் சொல்லித் தரல. ஒட்டுப்பால் சொல்லிக் கொடுத்துச்சு" என்றார்.

மலேசியாவில் எடை, அளவைச் சட்டம் வந்தது 1972இல். அதன் பிறகு படிப்படியாகக் கடைகளிலும் தோட்டங்களிலும் ராத்தல் போய்க் கிலோ வந்தது. பேராக்கில் பாட்டி வேலை செய்த தோட்டத்துக்கு அது வந்தபோது அவருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்குமாம்.

பால்மரத்தில் வெட்டிய கோட்டிலும் மங்கிலும் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்துச் சேர்ப்பார்கள். அதுதான் ஒட்டுப்பால். அதற்குத் தனிக் காசு. ஒரு நாள் ஸ்டோரில் புதுத் தராசு வந்து நின்றது. அதுவரை பத்து ராத்தல் நின்ற சாக்கு, அன்றைக்கு நாலரைதான் நின்றது.

"பொம்பளைங்க எல்லாம் சத்தம் போட்டாங்க. பாதி ஒட்டுப்பால் எங்க போச்சுன்னு மண்டோரைப் பிடிச்சுக்கிட்டாங்க. கிராணி வெளிய வந்து, எண்ணுதான் கொறஞ்சிருக்கு, சாமான் கொறையல, ஒரு கிலோன்னா ரெண்டு ராத்தல், ராத்தலுக்கு அஞ்சு காசு குடுத்தோம், இனி கிலோவுக்குப் பத்துக் காசுன்னு சொன்னாரு. அஞ்சும் அஞ்சும் பத்து. சரிதானேன்னு எல்லாரும் போயிட்டாங்க."

பாட்டி மட்டும் போகவில்லை. பழைய தராசும் சில நாள் பக்கத்திலேயே கிடந்ததாம். தன் சாக்கை இரண்டிலும் வைத்துப் பார்த்தார். இதில் பத்து, அதில் நாலரை. இன்னொரு நாள் இரண்டு பேர் சாக்கைச் சேர்த்து வைத்தார். இதில் இருபது, அதில் ஒன்பது. பத்தில் பாதி ஐந்து வர வேண்டும், வரவில்லை. இருபதில் பாதி பத்து வர வேண்டும், வரவில்லை. ஒவ்வொரு முறையும் பாதியிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அப்படியானால் ஒரு கிலோவில் இரண்டு ராத்தல் மட்டும் இல்லை, இரண்டுக்கு மேல் ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

காசைக் கணக்குப் போட்டார். பத்து ராத்தலுக்கு ஐந்து காசு வீதம் ஐம்பது காசு. நாலரைக் கிலோவுக்குப் பத்துக் காசு வீதம் நாற்பத்தைந்து காசு. ஒரு நாளைக்கு ஐந்து காசு குறைகிறது. 26 நாள் வேலைக்கு ஒரு வெள்ளி முப்பது காசு. அந்தப் பிரிவில் நாற்பது பேர் பால் வெட்டினார்கள். மொத்தம் மாதத்துக்கு 52 வெள்ளி.

"கிராணி திருடல. அவருக்குச் சுலபமா இருக்கட்டும்னு ரெண்டுன்னு வச்சுக்கிட்டாரு. அவருக்குச் சுலபம், நமக்கு நட்டம்."

பாட்டி போய்ச் சங்கத்துத் தலைவரிடம் சொல்ல, அவர் துரையிடம் பேச, அடுத்த மாதத்திலிருந்து கிலோவுக்குப் பதினொரு காசு ஆனது. முந்தைய மாதத்துக் காசு திரும்பி வரவில்லை. "நாலரைக்குப் பதினொன்னுன்னா நாற்பத்தொன்பதரை. அரைக் காசு இன்னும் பாக்கி" என்று பாட்டி ஆக்சிஜன் குழாயோடு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிராணி செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். கட்டத்துக்குள் அழகாக அடங்கட்டும் என்று புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டினேன். அந்த மிச்சத்துக்கு விலை கொடுத்தது பாட்டியின் நுரையீரல்.

"நீ கணக்கைத் தப்பா போடலம்மா. மிச்சத்தை வெட்டிட்ட, அவ்வளவுதான்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பாட்டி விதி சரியா?

வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் விதியைச் சோதித்துப் பார்த்தேன். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் 1959இல் ஒரு முடிவுக்கு வந்தன. அதன்படி ஒரு ராத்தல் என்பது மிகச் சரியாக 0.45359237 கிலோகிராம். திருப்பிப் போட்டால் ஒரு கிலோ ஏறக்குறைய 2.2046 ராத்தல்.

பாட்டி விதியில் பாதி என்பது 0.5. அதில் பத்தில் ஒன்று கழித்தால் 0.45. உண்மை எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஐந்து ராத்தலுக்குப் பாட்டி விதி 2.25 என்கிறது, உண்மை 2.27. வித்தியாசம் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் பெரிய எண்ணில் பிழையும் பெரிதாகும். 113 ராத்தலுக்குப் பாட்டி விதி 50.85 தருகிறது, உண்மை 51.26. கிட்டத்தட்ட 400 கிராம் குறைகிறது.

பாட்டி முழு எடையை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் 113இலிருந்து 108ஐக் கழித்தார். கிடைத்த ஐந்தை மட்டும் கிலோவாக்கினார். நான் இரண்டு எடைகளையும் தனித்தனியாக மாற்றி, தனித்தனியாக முழு எண்ணாக்கி, பிறகு கழித்தேன். ஒவ்வோர் எண்ணிலும் அரைக் கிலோ வரை தவறு நுழைய இடம் கொடுத்துவிட்டு, இரண்டு கிலோ என்ற எல்லையைத் தாண்டியதா என்று தேடினேன். வித்தியாசம்தான் வேண்டும் என்றால் முதலில் கழிக்க வேண்டும், பிறகு மாற்ற வேண்டும், முழு எண்ணாக்குவது கடைசியில்தான்.

கிலோவை ராத்தலாக்க இதே விதியைத் திருப்பிப் போடலாம். இரண்டு மடங்காக்கி, அதில் பத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். 50 கிலோ என்றால் 100, அதோடு 10, ஆக 110 ராத்தல். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் என் தம்பிக்கு இது உடனே உதவியது. அங்கே சில தட்டுகளில் 45 ராத்தல் என்றும் சிலவற்றில் 20 கிலோ என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று அவன் நினைத்திருந்தான். 45 ராத்தல் 20.4 கிலோ. ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் இதுவும் மாட்டினால் கம்பி ஒரு பக்கம் கனக்கும்.

இன்னொன்றையும் பாட்டி கதையில் கவனிக்க வேண்டும். எடை ராத்தலிலிருந்து கிலோவுக்குப் போகும்போது எண் 2.2 மடங்கு குறைகிறது. விலை ராத்தலுக்கு இவ்வளவு என்பதிலிருந்து கிலோவுக்கு இவ்வளவு என்று மாறும்போது எண் 2.2 மடங்கு கூட வேண்டும். எடையைச் சரியாகக் குறைத்துவிட்டு, விலையை இரண்டு மடங்கு மட்டும் கூட்டினால் நடுவில் யாரோ ஒருவர் பத்தில் ஒரு பங்கை இழக்கிறார்.

ஒரே பெயர், வேறு எடை

நம் ஊரில் ராத்தலும் கிலோவும் மட்டும் இல்லை. பாசாரில் வயதானவர்கள் இன்னும் காத்திக் கணக்கில் மீன் கேட்பார்கள். ஒரு காத்தி என்பது ஒன்றே மூன்றில் ஒரு ராத்தல், அதாவது 604.79 கிராம். மூன்று காத்தி நான்கு ராத்தல். ஒரு காத்தியில் 16 தாஹில், ஒரு தாஹில் ஏறக்குறைய 37.8 கிராம். நூறு காத்தி ஒரு பிக்குல். பேச்சில் காத்தியை 600 கிராம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு காத்தி மீனில் ஐந்து கிராம் போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஒரு பிக்குல் சரக்கில் அதே ஐந்து கிராம் கிட்டத்தட்ட அரைக் கிலோ ஆகிவிடும்.

தங்கத்துக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடும். நம் நகைக்கடைகளில் பவுன் என்றால் 8 கிராம். பெயர் பவுண்டு போலவே ஒலித்தாலும் 453.6 கிராம் எடையுள்ள பவுண்டுக்கும் இதற்கும் எடையில் ஒரு தொடர்பும் இல்லை. உலகச் சந்தையில் தங்கத்தின் விலையைச் சொல்வது டிராய் அவுன்ஸில், அது 31.1 கிராம். சமையல் குறிப்பில் வரும் சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம்தான்.

இதை வைத்து நண்பர்களிடம் ஒரு புதிர் போடலாம். ஒரு ராத்தல் பஞ்சு கனமா, ஒரு ராத்தல் தங்கம் கனமா? இரண்டும் சமம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பழைய முறைப்படி பார்த்தால் பஞ்சுதான் கனம். பஞ்சை நிறுக்கும் ராத்தலுக்கு 16 சாதாரண அவுன்ஸ், 453.6 கிராம். தங்கத்தை நிறுக்கும் டிராய் ராத்தலுக்கு 12 டிராய் அவுன்ஸ், 373 கிராம்தான்.

வானத்தில் தீர்ந்த எரிபொருள்

என் தவறைப் பற்றி விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னபோது, அவர் 1983இல் கனடாவில் நடந்த சம்பவத்தைப் படிக்கச் சொன்னார்.

ஏர் கனடாவின் புதிய போயிங் 767 விமானங்கள் எரிபொருளைக் கிலோவில் கணக்கிட்டன. அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்களுக்கு அதுவரை ராத்தல் கணக்கு. அந்த ஆண்டு ஜூலை 23ஆம் தேதி மொன்றியாலிலிருந்து எட்மண்டனுக்குப் புறப்பட்ட விமானத்தில் எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்யவில்லை. கோல் விட்டு அளந்தார்கள். தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ.

லிட்டரைக் கிலோவாக்க 0.8ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அவர்களோ, பழக்கத்தில் இருந்த 1.77ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரை ராத்தலாக்கும் எண். வந்த விடை 13,597. அதைக் கிலோ என்று நம்பி, மீதிக்கு 4,916 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். உண்மையில் இருபதாயிரம் லிட்டருக்கு மேல் நிரப்பியிருக்க வேண்டும். தேவையான எரிபொருளில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது.

41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை மணி ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. விமானி ராபர்ட் பியர்சனுக்கு இயந்திரமில்லா மிதவை விமானம் ஓட்டிய அனுபவம் இருந்தது. துணை விமானி மோரிஸ் குவிண்டாலுடன் சேர்ந்து, கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் விமானத்தை இறக்கினார். அன்று அங்கே கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் தப்பினார்கள்.

படித்து முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. 1.77 என்ற எண்ணைப் பார்த்து, "ஒரு லிட்டர் எண்ணெய் ஒன்றே முக்கால் கிலோவா இருக்கும்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோதான். விமான எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், அது தண்ணீரைவிடக் கனமாக இருக்க முடியாது. இப்படி எண்ணைப் பொருளோடு வைத்துப் பார்க்கும் பழக்கத்தைத்தான் பாட்டி ஸ்டோரில் இரண்டு தராசுக்கு நடுவில் நின்று கற்றுக்கொண்டார். எனக்கு எஸ்.பி.எம். கணிதத்தில் ஏ இருந்தும் அந்தப் பழக்கம் வரவில்லை.

இப்போது நான் செய்வது

மாணவ நண்பர்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் மாற்றிக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

எண்ணை எழுதினால் பக்கத்தில் அலகையும் எழுதுகிறேன். வெறும் 51 எதையும் சொல்வதில்லை. 51.3 கிலோ என்றால்தான் அது ஓர் எடை.

கணக்கு முடியும் வரை புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டுவதில்லை. வெட்டியே ஆக வேண்டும் என்றால், அதனால் யாருக்கு என்ன குறையும் என்று ஒரு முறை யோசிக்கிறேன்.

கைப்பேசி தரும் விடையை மனக்கணக்கோடு ஒப்பிடுகிறேன். பாதியாக்கு, பத்தில் ஒன்று கழி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வராவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண் ஒன்றைச் சொல்லி ஆள் வேறொன்றைச் சொன்னால் ஆளைக் கேட்கிறேன். அந்த வியாழக்கிழமை பாட்டி செருப்பு இறுக்கமாக இருக்கிறது என்றார். என் கணக்கே சரியாக இருந்திருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்காக நான் தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும்.

அப்பா புதுத் தராசு வாங்கிவிட்டார். கிலோவில், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு காட்டுவது. நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் தம்பிதான் எழுதுகிறான். தினமும் காலையில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். போன வாரம் வந்த படத்தில் 48.6 கிலோ என்று இருந்தது. அழைத்தேன். பாட்டி எடுத்தார்.

"நாற்பத்தெட்டுப் புள்ளி ஆறு பாட்டி. நன்றாக இருக்கிறது."

"அது இருக்கட்டும். ராத்தல்ல எத்தனை, சொல்லு."

கைப்பேசி காதில் இருந்ததால் அதில் கணக்குப் போட முடியவில்லை. இரண்டு மடங்கு 97.2. பத்தில் ஒன்று 9.7. "நூற்றேழுக்குக் கொஞ்சம் குறைவு" என்றேன்.

"எவ்வளவு குறைவு?" என்று கேட்டார் பாட்டி.